லேப்டாப் கண் திறக்காத பத்து நாள்

அக்டோபர் 26, 2024, சனி

நேற்றைய மழையை மதுரை சீக்கிரம் மறக்காது. செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் நரிமேட்டுத் தெருவிலும் வண்டிகள் பாதி மூழ்கி நின்றன. நாங்கள் மாடியில் குடியிருப்பதால் தப்பித்தோம். ராத்திரி முழுக்கக் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.

காலையில் லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. விளக்கு எரியவில்லை, விசிறிச் சத்தம் இல்லை, சார்ஜர் செருகினாலும் அதே கதைதான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பட்டனை நாற்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிட்டால் சில நேரம் எழுந்துவிடும். இது எழவில்லை.

அதற்குள் இருப்பதை நினைத்தால் வயிறு பிசைகிறது. ஏழு மாதமாக மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கரைகளில் அலைந்து, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிகள் பேசியதைப் பதிவு செய்த 41 ஒலிக்கோப்புகள். எந்த மடையை எப்போது திறப்பது, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கில் எவ்வளவு ஏறினால் மறுகால் பாயும், எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று அவர்கள் வாயால் சொன்னது. ஆகஸ்ட் வரைக்கும் பிரதி இருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த 14 கோப்புகள் இதில் மட்டும்தான். அவற்றில் மூன்றில் பேசிய பெரியவர் இப்போது படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மறுபடி போய்க் கேட்க முடியாது.

அக்டோபர் 27, ஞாயிறு

தம்பி, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்தான். சார்ஜர் முனையில் வைத்துப் பார்த்தால் 19.5 வோல்ட், குறைவில்லாமல் வருகிறது. அப்படியென்றால் சார்ஜர் நல்லதுதான் என்று நினைத்து லேப்டாப்பில் செருகினேன். செருகிய அந்தக் கணமே சார்ஜரில் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. பிடுங்கினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிகிறது. மூன்று தடவையும் இப்படியே. அவன் ஆபீஸ் சார்ஜரைப் போட்டாலும் இதேதான்.

"அக்கா, உள்ள எங்கேயோ ஷார்ட். அதான் சார்ஜர் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிருது" என்றான். நான் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ரேம் போனால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாக நிற்கும். விளக்கே எரியாதபோது ரேமைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டான். திரை போயிருக்குமோ என்ற சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

அவன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. 2011-இல் தொடங்கிய திட்டம், இவனுக்கு 2013-இல் கிடைத்தது. தூசி தட்டிச் செருகினோம், மெதுவாக எழுந்துவிட்டது. இதை அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 28, திங்கள்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. தீபாவளிக் கூட்டத்தில் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க முடியவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். கடைப் பையன் பின்மூடியைக் கழற்றி, சார்ஜரைச் செருகிப் பார்த்து, ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

"போர்டு டெட் அக்கா. மாத்தணும்னா 16,500 ஆகும்."

"எந்த இடத்துல போச்சு தம்பி?"

"மொத்தமா போச்சுக்கா."

"உள்ள இருக்கிற ஃபைல்?"

"அதுக்குப் பொறுப்பு சொல்ல முடியாது."

மல்டிமீட்டரைக் கையில் கூட எடுக்காமல் மொத்தமாகப் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? எனக்கு மனசு ஒப்பவில்லை. திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

போர்டு செத்தாலும் கோப்புகள் போர்டில் இல்லை, எஸ்எஸ்டி என்கிற தனிச் சேமிப்புப் பட்டையில் இருக்கின்றன. ராத்திரி தம்பி ஒரே ஒரு திருகைக் கழற்றி அதை உருவினான். சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கிறது. யுஎஸ்பி கேஸில் போட்டு அவன் ஆபீஸ் லேப்டாப்பில் செருகினால், பூட்டுப் படம் போட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. பிட்லாக்கர், விண்டோஸே போடும் பூட்டு. நான் அதைப் போட்டதாக நினைவே இல்லை. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தாலே பல நேரம் அதுவாகப் பூட்டிக்கொள்ளும் என்று தம்பி சொன்னான். பழைய போர்டில் இருக்கும்வரை தானே திறந்துகொள்ளும், வேறு இடத்தில் மாட்டினால் எண் கேட்கும். போர்டையே மாற்றியிருந்தாலும் இதே கேள்விதான் வந்திருக்கும். கடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிப்பாகியிருக்கும் என்று என் கணக்கில் நுழைந்து பார்த்தேன், எண் இல்லை. அரைமணி நேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. லேப்டாப் வாங்கிய அன்று எந்த மெயில் கொடுத்தோம் என்று யோசித்து யோசித்து, கல்லூரிக் காலத்து மெயில் ஒன்று ஞாபகம் வந்தது. அதில் நுழைந்தால் இருக்கிறது, ஆறு ஆறாகப் பிரித்த எட்டுக் கூட்டம். தம்பி வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். பூட்டு திறந்தது.

14 கோப்பும் இருக்கின்றன. பெரியவர் பேசியதில் ஒன்றை ஓடவிட்டேன். "மடையத் தொறக்கையில தண்ணிக்கு மொகங்காட்டி நிக்கணும் தாயி" என்கிறார். அழுதுவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

தேவர் ஜெயந்தி. தேவர் சிலை இருக்கும் கோரிப்பாளையம் பக்கம் போக வழியில்லை. பிரதி எடுக்கும் வேலை மட்டும்.

நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்து, சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சின்னப் பாகங்களையே பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். ஐம்பது வயசிருக்கும். மேசையில் ஒரு மைக்ராஸ்கோப், சூடான காற்று ஊதும் ஒரு ஹாட் ஏர், சுவரோரம் அடுக்கிய ஸ்கிராப் போர்டுகள்.

"உக்காரும்மா, பாத்துருவோம்."

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். மீட்டரின் ஒரு முனையைப் போர்டின் திருகு ஓட்டையிலும், இன்னொன்றை 19 வோல்ட் வரும் வழியிலும் வைத்தார். கீய்ங் என்று விடாமல் கத்தியது. அளந்து பார்த்தால் மின்தடை ஒரு ஓம்கூட இல்லை. முழு ஷார்ட்.

அந்த வழியில் வரிசையாக இருபதுக்கு மேல் கெப்பாசிட்டர்கள், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து அந்த வழியில் ஏற்றினார். போர்டின் மேல் பிரஷ்ஷால் ஆல்கஹால் தடவினார். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். எல்லா இடமும் ஈரத்தில் மினுமினுக்க, ஒரு கடுகின் மேல் மட்டும் ஈரம் சட்டென்று வட்டமாக வற்றியது. ஷார்ட்டான பாகத்தின் வழியாகத்தான் மின்சாரம் முழுக்கப் பாயும், அதுதான் முதலில் சூடாகும். மறுபடி தடவினார், மறுபடி அதே இடம் வற்றியது.

ஹாட் ஏரில் அதை எடுத்ததும் மீட்டர் கத்துவதை நிறுத்தியது. சார்ஜரைச் செருகினார். பச்சை விளக்கு அணையவில்லை.

"மழையில கரண்ட் ஏறி இறங்கினதாலயா அண்ணே?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நீ லேப்டாப்ப எப்படித் தூக்குவ?"

ஒரு மூலையைப் பிடித்து ஒரே கையால் தூக்கிக் காட்டினேன். அப்படித் தூக்கும்போது போர்டு லேசாக வளையும், வளைந்தால் இந்தப் பீங்கான் கெப்பாசிட்டரில் விரிசல் விழலாம், விரிசல் ஒருநாள் ஷார்ட்டாகலாம் என்றார். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமே தவிர முடிவாகச் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொன்னதால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்த ஒன்று இல்லாமலும் ஓடும், ஆனாலும் காலியாக விடக்கூடாது, ஸ்கிராப் போர்டிலிருந்து அதே அளவில் எடுத்துப் போட்டு ஒருநாள் ஓடவிட்டுத் தருகிறேன் என்றார்.

நவம்பர் 4, திங்கள்

வாங்கி வந்துவிட்டேன். ரூ.1,800. கழற்றிய கெப்பாசிட்டரை செலோடேப்பில் ஒட்டிக் கொடுத்தார். கண்மாய்க் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, தேதி எழுதினேன். பக்கத்திலேயே அந்த 48 இலக்கமும்.

எஸ்எஸ்டியை மாட்டியதும் எண் கேட்காமலே திறந்துகொண்டது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். சாயங்காலம் 41 கோப்பையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்றைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.