மூன்று பக்கம் எழுதினேன், 20க்கு 7

உயர்தரத்தில் அரசறிவியல் படித்தபோது சர்வதேச அமைப்புகள்தான் எனக்கு லேசான பகுதி என்று நினைத்திருந்தேன். ஐ.நா. தொடங்கியது 1945 ஒக்டோபர் 24, தொடக்க உறுப்பினர் 51, இப்போது 193, பாதுகாப்புச் சபையில் 15, அதில் நிரந்தரம் 5. ரியூசனுக்குப் போகும் பஸ் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுவேன். தவணைப் பரீட்சையில், சர்வதேச அமைப்புகள் ஏன் தோன்றின, உலக அரசியலில் எப்படிச் செல்வாக்குச் செலுத்துகின்றன என்று கேட்டிருந்தார்கள். மூன்று பக்கம் எழுதினேன். 20க்கு 7. ஓரத்தில் சிவப்பு மையில் “ஏன்?” என்று மட்டும் இருந்தது.

அதை விளங்க வைத்தது மாமி. கட்டாரில் வேலை செய்த மாமா அந்தக் காலத்தில் போட்ட கடிதங்களை இன்னும் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். உறையில் இருப்பது அந்த நாட்டு முத்திரை மட்டும். “அங்க காசு கட்டின கடிதத்த நம்மட தபால்காரர் ஏன் புள்ள கொண்டுவந்து தாறார்?” என்றார்.

1874இல் 22 நாடுகள் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் கையெழுத்திட்டு இன்றைய உலகத் தபால் ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்டதால்தான். அதற்கு முன் நாடுகள் இரண்டிரண்டாகத் தனித்தனியே கட்டணம் பேச வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய நாடானாலும் தனியாகச் செய்ய முடியாத வேலை. தொற்றுநோயும் போரும் அப்படியே. விடையை இங்கிருந்து தொடங்குங்கள், ஆண்டுகள் பிறகு வரட்டும்.

செல்வாக்குக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு இலங்கை ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தது. பிரித்தானியப் படைத்தளங்கள் இருக்க இது என்ன சுதந்திரம் என்று சோவியத் ஒன்றியம் வீற்றோ போட்டது, அதாவது நிரந்தர உறுப்பினருக்குள்ள தடுப்புரிமையால் தடுத்தது. உள்ளே ஓடியது அமெரிக்க அணிக்கும் சோவியத் அணிக்கும் இடையிலான பனிப்போர்க் கணக்கு. 1955 டிசம்பர் 14இல், வல்லரசுகள் பேரம் பேசி முடித்து 16 நாடுகளை ஒன்றாகச் சேர்த்தபோதுதான் நமக்கும் இடம் கிடைத்தது. சிறிய நாடு ஏன் உள்ளே போகத் துடிக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது, இரண்டையும் இதை வைத்தே எழுதலாம்.

படையில்லாத செல்வாக்குக்கு சர்வதேச நாணய நிதியம். 2023 மார்ச்சில் இலங்கைக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் கொடுக்கச் சம்மதித்தது, வரி வருமானத்தைக் கூட்டச் சொன்னது. 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது.

அடுத்த தவணையில் 14. மிச்சம் 6 எங்கே என்று சேரிடம் கேட்டேன். பாதுகாப்புச் சபையின் முடிவு நாடுகளைக் கட்டுப்படுத்தும், எல்லா உறுப்பு நாடுகளும் இருக்கும் பொதுச்சபையின் தீர்மானம் பெரும்பாலும் பரிந்துரைதான். நான் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன்.