சிதம்பரத்தார் குரல்

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருப்பவனுக்குத் தை, மாசி மாதங்களில் காது நிறையத் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல்தான். சீர்காழிப் பக்கத்து நிலையம் ஒன்றில் நான் பணியாற்றிய பருவத்தில் சம்பா அறுவடை எல்லா ஊரிலும் ஒன்றாக முடிந்து, களம் கொள்ளாமல் நெல் குவிந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க முடியாது என்பதால், நெல்லைக் காயப்போட்ட விவசாயிகளும் 40 கிலோ மூட்டைகளைத் தைத்து அடுக்கும் தொழிலாளர்களும் இரவு வெகுநேரம் வரை அங்கேயே கிடந்தார்கள். இயந்திரத்தை நிறுத்தியிருந்த ஓர் இரவில், மூத்த தொழிலாளி ஒருவரின் கைப்பேசியிலிருந்து சற்றே மூக்கில் இழையும் கனத்த குரல் ஒன்று எழுந்தது.

“சார், நம்ம சிதம்பரத்தார் பாடுறாரு, தெரியுதா?” என்றார்.

சிதம்பரத்துக்காரரான பின்னணிப் பாடகர் சி.எஸ்.ஜெயராமன். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த என் வயதினருக்குத் தெரியாத குரலன்று. 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்குப் பாடியவர், 1954-இல் ‘தூக்குத் தூக்கி’ வந்த பிறகு அந்த இடம் மெல்ல டி.எம்.சௌந்தரராஜனுக்கு உரியதாகிவிட்டது. 1976-இல் இளையராஜா வந்தார். நாங்களும் அந்தப் பக்கம் போய்விட்டோம்.

அன்று ஒலித்தது ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958) படத்தில் இராவணன் சபையில் பாடும் பாட்டு. காலைக்கு எந்த ராகம், உச்சிக்கு எது, மாலைக்கு எது என்று கேட்கக் கேட்க, பூபாளம், சாரங்கா, வசந்தா என்று பெயரைச் சொல்லும்போதே அந்தந்த ராகத்தின் சாயலையும் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பட்டியல் போடுவதே பிழைப்பாகிவிட்ட எனக்கு, ஒரு பட்டியலை இப்படியும் வாசிக்கலாமா என்றிருந்தது.

இளங்கதாநாயகனின் காதலுக்கு அந்தக் குரல் பொருந்தவில்லை என்றால் அதில் நியாயம் உண்டு. இருபது வயதில் எனக்கும் அது பெரியவர்களின் குரலாகவே பட்டது. ஆனால், செருக்கும் கல்வியும் ஒருசேர அமைந்த இராவணனுக்கும், ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் செய்த குற்றத்தை எண்ணி வெந்துபோகிறவனுக்கும் வேறு குரலைப் பொருத்திப் பார்த்தால் பாட்டு இளைத்துவிடுகிறது. பின்னதற்கு இசையமைத்தவரும் அவரே.

அந்தப் பருவம் முடியும்வரை இயந்திரம் ஓய்ந்த நேரமெல்லாம் அவர் பாட்டுத்தான். எனக்கு இராவணன், அந்தப் பெரியவருக்கோ ‘ரத்தக்கண்ணீர்’. நிலையத்தில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் நான்தான் தோற்றிருப்பேன்.