துபாயில் கார் ஓட்ட போனே போதும்

கீழக்கரையில் லீவில் இருக்கும்போது, புதிதாகத் துபாய் கிளம்புகிற தம்பிகள் கேட்பார்கள்: "காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), காருக்குத் தனியா ஜிபிஎஸ் வாங்கணுமா?" வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஸ்டாண்டும் சார்ஜர் வயரும் வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புங்கள்.

நான் போன புதிதில் கம்பெனி வேனில் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற ஜிபிஎஸ் பெட்டிதான் இருந்தது. பெட்டியில் பழுது ஒன்றுமில்லை, உள்ளே இருந்த மேப்தான் பழசு. துபாயில் நேற்று இருந்த எக்ஸிட் இன்று இருக்காது, புதுப் பாலத்தில் நாம் ஏறிப் போய்க்கொண்டிருப்போம், பெட்டியோ நம்மை மணலுக்கு நடுவில் காட்டி "யூ டர்ன் எடு" என்று கத்தும். மேப்பை மாற்றக் கம்ப்யூட்டரில் செருகி உட்கார வேண்டும், டிரைவருக்கு ஏது அந்த நேரம்? காலையில் வண்டியை எடுத்தால் சாட்டிலைட் பிடிக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். சாட்டிலைட் எங்கெங்கே இருக்கிறது என்கிற விவரத்தை அது வானத்திலிருந்து வருகிற சிக்னலில்தான் எடுக்கணும். போன் அதை நெட்டிலிருந்து இறக்கிவிடுவதால் உடனே பிடித்துவிடுகிறது.

ஷேக் சயீத் ரோட்டில் ஒரு எக்ஸிட்டை விட்டால் திரும்பி வரச் சில கிலோமீட்டர் சுற்றணும். எந்த லேனில் நிற்க வேண்டும் என்பதை போன் முன்கூட்டியே காட்டும், முன்னால் நெரிசல் என்றால் வேறு வழி சொல்லும். கூகுள் மேப் தமிழிலும் பேசும், ஆனால் அங்கே போர்டுகள் அரபியிலும் ஆங்கிலத்திலும்தான், அதனால் ஆங்கிலக் குரலே நல்லது. நம் ஊரில் விலாசம் கேட்டால் பழைய ஜும்மா பள்ளிக்குப் பக்கத்தில் என்றால் முடிந்தது. அங்கே கட்டிட வாசலில் பத்து இலக்க மகானி எண் ஒட்டியிருக்கும், அதை மகானி ஆப்பில் அடித்தால் சரியாக அந்த வாசலுக்கே கொண்டுபோய் விடும்.

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் 800 திர்ஹம் அபராதம், கூடவே லைசென்சில் 4 கரும்புள்ளி. ஸ்டாண்டை டேஷ்போர்டு மேல் வைக்காதீர்கள், கோடை வெயிலில் போன் கொதித்து ஸ்கிரீன் மங்கி, சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டுங்கள்.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன லீவில் பிள்ளைகளை அரிச்சல்முனைக்குக் கூட்டிப் போனேன். தனுஷ்கோடி தாண்டியதும் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நெட்டை நிறுத்திவிட்டது, ஆனால் அந்த நீலப்புள்ளி மட்டும் ரோட்டோடு ஒட்டியே வந்தது. சாட்டிலைட் சிக்னல் இலவசம், அதற்கு சிம்மே வேண்டாம். நெட் வேண்டியது மேப் படத்துக்கும் டிராஃபிக் விவரத்துக்கும். (அந்த ரோடு நேர்க்கோடு, மேப்பே தேவையில்லை என்பது வேறு விஷயம்.) ஆகவே, ஓமானில் சலாலாவுக்குக் காரில் போகிற சபராளிகள் (வெளிநாட்டில் வேலை பார்க்கிற நம்மவர்கள்) கிளம்புமுன் ரூமில் வைஃபையிலேயே ஓமான் மேப்பை இறக்கிவிடுங்கள். பாலைவனத்தில் டவர் இல்லாத நெடுந்தூரம் உண்டு, எல்லை தாண்டினால் ரோமிங் பில்லும் ஏறும்.

இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் போகிற மாமா குறுக்கே வந்தார்: "அப்ப என் ஜிபிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுறவா மாப்ளே?"

போடக் கூடாது. கரையை விட்டுத் தூரம் போனால் டவர் கிடையாது, புள்ளி தெரிந்தாலும் புதிதாக மேப் இறங்காது, உப்புத்தண்ணீர் தெறிக்கும், ஈரக் கையால் தொட்டால் டச் ஸ்கிரீன் கேட்காது. அவருடைய பெட்டிக்குப் பட்டன், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. இலங்கை எல்லைக் கோடு எங்கே என்பதையும் அதில்தான் பார்த்துக்கொள்கிறார். மேப் பழசானால்தான் என்ன, கடலில் யார் புது ரோடு போடுகிறார்கள், பாம்பனில் பாலம் கட்டியதைத் தவிர? எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் மீன் விழும் என்று வருஷக்கணக்காக அவர் குறித்து வைத்த பாயிண்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதை போனுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியைக்கூடத் தருவாராம், பாயிண்டை மட்டும் பெற்ற மகனுக்கும் காட்ட மாட்டாராம்.