லிட்டில் அந்தமானில் குடியேறிய கதை: பாஸ், டிசி, கப்பல்

லிட்டில் அந்தமான் தீவின் துறைமுக ஊரான ஹட்பே போக இந்தியர்களுக்கு பாஸ் தேவையில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குப் பணமும் போனது, கப்பலும் போனது.

பழங்குடிப் பகுதி பாஸ் கட்டாயம் என்பது நிக்கோபார் மாவட்டத்துக்கு. லிட்டில் அந்தமான் தெற்கு அந்தமான் மாவட்டத்தில் வருகிறது. தீவுக்குள்ளேயே ஓங்கே மக்களுக்கான காப்பகம் இருக்கிறது. 1956-ஆம் வருட ஒழுங்குமுறைப்படி வெளியாள் அனுமதி இல்லாமல் அதற்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. எங்களைப்போலக் கிறிஸ்தவ ஊழியக்காரர் என்றாலும் சட்டம் சட்டம்தான், அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எங்கள் பணித்தளம் குடியேறிய மக்கள் நடுவில். வங்காளிகள், தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் கலந்து உட்காரும் சின்ன சபை. ஆராதனை இந்தியில்.

இதெல்லாம் சென்னையில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று வந்த ஏஜென்டுக்குத் தெரியாதா? தெரியும். "பாஸ் கைக்கு வரட்டும் சார், அப்புறம் டிக்கெட் போடலாம், இல்லேன்னா இறக்கி விட்டுருவாங்க" என்று சொல்லி பாஸுக்கென்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது, ஜெட்டியில் இன்னும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை) மாதத்துக்கு ஒரு சில கப்பல்கள்தான். அவர் இழுத்தடித்ததில் பங்க் (மலிவு வகுப்பு) டிக்கெட் தீர்ந்துபோனது. வீட்டைக் காலி செய்து சாமான் கட்டி வைத்தபிறகு அடுத்த கப்பல் வரும்வரை என் நாத்தனார் வீட்டு ஹாலில் படுத்துக் கிடந்தோம். நீங்கள் நேராகக் கவுண்டருக்குப் போங்கள். நடுவில் ஆளே வேண்டாம்.

கப்பல் பயணம் ஏறக்குறைய மூன்று நாள், குறையொன்றும் இல்லை. தட்டு, டம்ளர், போர்வை, ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள், போதும். சமையல் கேஸ் மாற்றல், வங்கிக் கணக்கு எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தன.

முடியாதது டிசி, அதாவது பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்.

பிள்ளைகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, அதுவும் ஸ்டேட் போர்டிலிருந்து சிபிஎஸ்இக்கு மாற்றும்போது, டிசியில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். நான் பழைய பள்ளியில் இதைக் கேட்டே கேட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மா முகத்தைக் கூட நிமிர்த்தாமல், "இப்ப எல்லாம் ஆன்லைன் டிசிம்மா, சீல் இருக்குல்ல, போதும்" என்றார். எழுத்தாகத் தருகிறீர்களா என்று கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டும் தனி ரூலா?" என்று ஒரு சிரிப்பு.

ஹட்பேயில் பள்ளி எழுத்தர் டிசியை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "கவுண்டர் சைன் நஹி ஹை." மேலொப்பம் இல்லையாம். நான் பேசின இந்தி பாதி சைகை. அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பெரியவன் பள்ளிக்கூட வாசலிலேயே அழுதுவிட்டான். இங்கே பள்ளி ஏப்ரலில் தொடங்கிவிடுகிறது. நம் ஊர்க் கணக்குக்கு ஜூன் என்று நினைத்து வருகிறவர்களுக்கு சில வாரப் பாடம் ஏற்கெனவே கைநழுவியிருக்கும்.

மேலொப்பம் வாங்கித் தரச் சொல்லி ஊரில் இருக்கும் என் தம்பிக்கு போன் போட்டேன். ஒரிஜினலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். ஹட்பேயிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 120 கிலோமீட்டர் கடல், தபாலும் எங்களைப்போலக் கப்பலுக்குத்தான் காத்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று கப்பலை நிறுத்திவிடுவார்கள், காரணம் சொல்லி போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள், சில நாள் தாளும் இருக்காது. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் நோயாளிகளுக்குத்தான் முன்னுரிமை.

இதற்கிடையில் என்னைக் காப்பாற்றியது சபையில் இருக்கும் ஒரு ராஞ்சி அக்கா. "எழுத்தரிடம் ஏன் நிற்கிறாய், பெரிய மேடத்திடம் நேராகப் போ" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, மேலொப்பம் பெற்ற டிசியைப் பின்னால் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தற்காலிகச் சேர்க்கை. அன்றைக்கே இரண்டு பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தோத்திரம்! ஒரிஜினல் பிறகு வந்து சேர்ந்தபோது அதே எழுத்தர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் சொருகினார் என்பது வேறு விஷயம்.

டிசியின் நாலைந்து நகலும் ஸ்கேனும் கையில் வைத்திருங்கள். மேலொப்பம் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

அன்றாட வாழ்க்கையில் பழக நாளானது வெளிச்சம்தான். கடிகாரம் நம் கடிகாரமே, சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாலை ஜெபக்கூட்டத்தை ஆறரைக்கு வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று புரிந்து என் வீட்டுக்காரர் நாலரைக்கு மாற்றினார். காய்கறியில் பாதி கப்பலில் வருவது. கப்பல் தள்ளிப்போனால் தக்காளி விலையைக் கேட்காமல் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். உப்புக்காற்றில் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகடு முதல் மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு போட ஆரம்பித்தது. வேதாகமத்தின் தோல் அட்டையில் பச்சைப் பூஞ்சை. புத்தகங்களைத் தகர டிரங்கில் வைக்காமல் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

இணையம் பற்றிப் பயமுறுத்துவார்கள். பழைய கதை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்துவிட்டது, லிட்டில் அந்தமானும் அதில் இருக்கிறது. வீடியோவில் பாட்டியைப் பார்க்கும் அளவுக்கு வருகிறது. மின்சாரம் போனால் அதுவும் போகும்.

காய்ச்சலை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். சின்னவளுக்கு நடுக்கத்தோடு வந்தபோது மழையில் நனைந்ததால் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அன்றே அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைவாக்ஸ் மலேரியா. பிரைமாகுயின் 14 நாள் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு அவள் ஓடியாட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்தலாமா என்று மாமியார் போனில் கேட்டார்கள். கூடாது. அந்தக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மறுபடியும் வரும். கொசுவலையை இங்கே தேடாமல் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள், இரட்டைக் கட்டிலுக்கு.

அடுத்து எங்கள் மிஷனிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகக் கேள்வி. அவர்களுக்கு நான் எழுதியது இதுதான்: பிள்ளைகளின் பரீட்சை முடிந்த கையோடு டிசி வாங்கி, மேலொப்பம் போட்டு, ஏப்ரலுக்குள் கப்பல் ஏறுங்கள். பள்ளியும் தவறாது, கடலும் அமைதியாக இருக்கும். மே பாதிக்கு மேல் என்றால் வாந்தி மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். அந்த ஏஜென்டின் நம்பரையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், எடுக்காமல் இருப்பதற்கு.