எலெஃப்சினாவில் நங்கூரம் போட்டிருந்த நாட்கள்

கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் பதினோரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், எல்லாமே தானியம், நிலக்கரி மாதிரிச் சரக்கை மொத்தமாக ஏற்றும் பல்க் கேரியர், எல்லாமே இன்ஜின் ரூம் வேலை. ஒருமுறை அடுத்த சரக்கு கிடைக்கும்வரை ஏதென்ஸுக்கு மேற்கே எலெஃப்சினா வளைகுடாவில் மூன்று வாரம் நங்கூரம் போட்டு நின்றோம். சுற்றிலும் எங்களைப் போலவே வேலையில்லாமல் கிடக்கும் கப்பல்கள், கரையில் ஒரு பெரிய இரும்பாலை. எங்கள் சீஃப் இன்ஜினியர் அறுபதைத் தாண்டிய கிரேக்கர், அதிகம் பேசாதவர். ஒரு சாயங்காலம் டெக்கில் நின்றுகொண்டு அந்த ஆலையைக் கையால் காட்டி, "என் அப்பாவைப் பற்றிய போலீஸ் கோப்பை அங்கேதான் எரித்திருப்பார்கள்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இரண்டு மூன்று நாள் வாட்ச் நேரத்தில், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, விட்டு விட்டு அவர் சொன்னதுதான் 1989-ல் கொஞ்ச நாள் கிரேக்கப் பிரதமராக இருந்த ஜானிஸ் ஜானெடாகிஸின் கதை.

ஜானெடாகிஸ் 1927-ல் தெற்கு கிரேக்கத்தில் மானி பகுதியின் கிதியோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து நீர்மூழ்கிக் கப்பலின் கமாண்டராக உயர்ந்தார். 1967 ஏப்ரல் 21-ஆம் தேதி ராணுவ கர்னல்கள் சிலர் ஆட்சியைப் பிடித்தார்கள். மறுநாளே அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

இந்த இடத்தில் நான் சீஃபைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எங்கள் தொழிலில் கப்பலை விட்டு இறங்குவது சாதாரண விஷயம்தான். ஒப்பந்தம் முடியும், எந்த பம்ப் ஒழுகுகிறது, எந்த பேரிங் சூடாகிறது, எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று அடுத்து வருபவருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கலாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு கப்பல் இருக்கும். அவருக்கு அப்படி இன்னொரு கப்பல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செய்யாத ஃபயர் பம்ப் சோதனையைச் செய்ததாக எழுதச் சொன்னார் எனக்கு மேலிருந்த ஒருவர், நானும் எழுதினேன். வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தக் கையெழுத்து இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் மறுநாளே செய்த அந்த ராஜினாமா எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. 1969-ல் ஜானெடாகிஸைக் கைது செய்தார்கள், 1971 வரை சிறை, கிரேக்கத்தின் கிதீரா தீவுக்கு ஊர்கடத்தல்.

சர்வாதிகாரம் 1974-ல் விழுந்தது. 1977-ல் வலதுசாரி நியூ டெமாக்ரஸி கட்சியில் எம்.பி., பிறகு பொதுப்பணித் துறை அமைச்சர். இதையெல்லாம் சீஃப் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார், அவருக்கு 1989-க்கு வர வேண்டும்.

அந்த வருடம் ஜூன் தேர்தலில் 300 இடங்களில் நியூ டெமாக்ரஸிக்கு 145தான் கிடைத்தது. அதுவரை ஆட்சியில் இருந்த பாப்பாண்ட்ரேயுவின் பாசோக் என்ற சோஷலிசக் கட்சி ஊழல் வழக்குகளில் சிக்கியிருந்தது. கம்யூனிஸ்டுகள் இருந்த இடதுசாரிக் கூட்டணியிடம் 28 இடம். 1946-லிருந்து 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற இரண்டு தரப்பும் சேர்ந்து ஆட்சி அமைக்க வேண்டிய நிலை. வலதுசாரித் தலைவர் மிட்சோடாகிஸ் பிரதமராவதை இடதுசாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஜானெடாகிஸ் என்றதும் சரி என்றார்கள். கர்னல்களின் சிறையில் இருந்த மனிதர் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஜூலை 2-லிருந்து அக்டோபர் 12 வரை, நூறு நாளுக்குச் சற்று மேல்தான் அந்த அரசாங்கம். ஆனால் அதற்குள், நாற்பது வருடமாகச் சட்டப் புத்தகத்தில் 'கொள்ளைக்காரர் போர்' என்று இருந்ததை 'உள்நாட்டுப் போர்' என்று மாற்றினார்கள். அப்புறம் கோப்புகள்.

சீஃபின் அப்பா லாரி டிரைவர். அந்தக் காலத்தில் டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், அரசாங்க வேலை எதுவானாலும் இவர் இடதுசாரி இல்லை என்று காட்டும் 'சமூகக் கருத்துச் சான்றிதழ்' என்று ஒன்றைப் போலீஸிடம் வாங்க வேண்டும். யாரோ அவரைப் பற்றிப் போலீஸுக்கு ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், சான்றிதழ் கிடைக்கவில்லை. பல வருடம் மூட்டை தூக்கினார். இப்படிப் போலீஸ் சேர்த்து வைத்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் நாடு முழுக்க இருந்தன. 1989 ஆகஸ்டு 29, போர் முடிந்து சரியாக நாற்பது வருடம், அன்று அவற்றை உலைகளில் போட்டார்கள். அதில் ஒன்று எங்கள் எதிரே தெரிந்த ஆலையின் உலை. பிரபலமானவர்கள் சிலரின் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. கப்பலின் தினப் பதிவேடான லாக் புக்கில் பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும், அடித்தது கீழே படிக்கும்படி தெரிய வேண்டும். ஒயிட்னர் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது. குப்பை எரிக்கும் உலையான இன்சினரேட்டரில் ஒரு மூட்டை எண்ணெய்த் துணி எரித்தால்கூட, எத்தனை மணிக்குப் பற்றவைத்தோம், எத்தனை மணிக்கு அணைத்தோம், அப்போது கப்பல் எந்த இடத்தில் இருந்தது, எத்தனை கன மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். நீர்மூழ்கிக் கமாண்டராக இருந்தவர் எப்படி இதற்குச் சம்மதித்தார் என்று சீஃபிடம் கேட்டேன்.

"எங்கள் ஊரில் நாற்பது வீடுதான்" என்றார் அவர். "எழுதிக் கொடுத்தவன் அதில் ஒரு வீட்டில்தான் இருந்தான். கோப்பு கைக்கு வந்திருந்தால் அந்த வீடு எது என்று எனக்குத் தெரிந்திருக்கும்."

உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, எரிக்கட்டும், ஆனால் அதற்கு முன் ஒரே ஒருமுறை என்னிடம் படித்துக் காட்டியிருக்கலாமே என்றாராம். சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அன்று ராத்திரி இன்சினரேட்டர் ஓட்டும் முறை என்னுடையது. 20:10-க்குப் பற்றவைத்து 21:40-க்கு அணைத்தேன், இடம் எலெஃப்சினா நங்கூரத் துறை என்று எழுதினேன். உடனே சீஃப் வந்து அந்த வரியை அடிக்கச் சொன்னார். துறைமுகத்துக்குள் எரிக்க அனுமதி இருக்கிறதா என்று கேட்காமலே பற்றவைத்திருக்கிறேன். ஒரே கோடு போட்டு அடிக்கப் போனேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், எரித்தது எரித்ததுதான், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.