அரபு எழுத்தில் கிடக்கும் எங்கள் தமிழ்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான எங்கள் கீழக்கரையில் பழைய வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் வலமிருந்து இடமாக எழுதிய கந்தல் நோட்டு ஒன்றாவது கிடைக்கும். கிதாபு (மார்க்க நூல்) என்று முத்திவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவோம். ஆனால் அப்படிக் கிடைப்பவற்றில் பல, அரபு எழுத்தில் எழுதிய தமிழ் நோட்டுகள்! இந்த எழுத்துமுறைக்கு அரபுத்தமிழ் என்று பெயர், அர்வி என்றும் சொல்வார்கள். அரபியில் இல்லாத ட, ண, ப, ழ, ள ஒலிகளுக்குப் புள்ளி கூட்டித் தனி எழுத்து செய்து, பேசுகிற தமிழை அதில் எழுதிவைத்தார்கள். 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இந்த ஊரிலிருந்துதான் மார்க்க நூல்களை அர்வியில் எழுதினார், பெண்கள் வீட்டிலிருந்தே படித்தார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம், தமிழ்ப் பாடநூல், அச்சு என்று காலம் மாறியது. யாரும் தடை போடவில்லை, ஒரு தலைமுறை சொல்லிக்கொடுக்காமல் விட்டது, அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்கு: அரபு எழுத்து காலில் படக்கூடாது என்று செல்லரித்த தாள்களை மூட்டை கட்டிக் கடலில் விட்டோமே, எங்கள் வீட்டிலும் விட்டார்கள், குர்ஆன் தாளுக்கு அந்த மரியாதை சரி, ஆனால் அந்த மூட்டையோடு கொழும்பிலிருந்து வந்த கடிதங்களும் கடைக் கணக்கும் சேர்ந்து போயின.

தப்பிய ஒரு நோட்டை ராத்தா (அக்கா) மகளிடம் கொடுத்தேன். மதரஸாவில் ஓதுகிற பிள்ளை, எழுத்து அங்கே படித்தது, தமிழ் வீட்டுப் பேச்சு, ஆக முக்கால்வாசி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். புதிய எழுத்துகளை மட்டும் காட்டினேன். விரல் வைத்து, "சு... க்... கு" என்றவள் நிமிர்ந்து, "உம்மா, இது சுக்கு!" என்று தன் தாயைப் பார்த்துக் கத்தினாள். அடுத்து மிளகு, திப்பிலி, கருப்பட்டி. பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டிக் கொடுக்கிற மருந்து, என் உம்மாவின் உம்மா எழுதியது.

அரபு நாட்டிலிருந்து வந்த வம்சாவளியைத் தேடுகிறவர்கள் இங்கே நிறைய, தேடட்டும். ஆனால் நபிகளின் வரலாற்றைச் சொல்லும் தமிழ்க் காப்பியமான சீறாப்புராணத்தை உமறுப்புலவரைப் பாடச் சொன்ன வள்ளல் சீதக்காதியின் ஊர் இது, நம் வேரில் பாதி இந்த மணலிலேயே இருக்கிறது.

வீட்டில் இப்படித் தாள் இருந்தால் கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். புரியாத எழுத்தை வயதான ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) கேளுங்கள். மார்க்கச் சட்ட நூலில் தொடங்க வேண்டாம், பிள்ளைகள் மிரண்டுவிடும், மருந்துக் குறிப்பு, கடிதம் இப்படி ஏதாவது முதலில் கொடுங்கள்.