பெர்கமாஸ்கோவுக்குச் சடை பிரித்த அனுபவம்

எங்கள் பெர்கமாஸ்கோ நாய் நூவொலாவுக்கு ஒரு வயது நெருங்கும்போது இடுப்புக்குப் பின்னால் முடி மாறத் தொடங்கியது. அதுவரை மெத்தென்ற சாம்பல் முடியோடு, எப்போதாவது சீப்பு போட்டால் போதும் என்று இருந்த குட்டி. திடீரென்று உள்ளேயிருந்து கம்பளி கிளம்பி, தொட்ட இடமெல்லாம் சிக்கு விழுந்தது. பெர்கமாஸ்கோ இனத்தில் இது வந்தே தீரும் என்று தெரிந்துதான் அவளை வாங்கினோம். ஆனாலும் கை வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வேலைக்காக நாங்கள் குடியிருப்பது வட இத்தாலியில், பெர்கமோவில். இந்த நாய்களுக்குப் பூர்வீகமே ஊருக்கு வடக்கே இருக்கும் மலைப் பள்ளத்தாக்குகள்தான். கோடையில் ஆட்டு மந்தையை ஆல்ப்ஸ் மேய்ச்சலுக்கு ஏற்றி, குளிர்காலத்தில் சமவெளிக்கு இறக்கிக் கொண்டுவரும் இடையர்களோடு வாழ்ந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பளித் தொழில் நலிந்து மந்தைகள் குறையவே, நாய்களும் அழியும் நிலைக்குப் போய்விட்டன. மரியா ஆந்த்ரேயொலி போன்ற வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகள் விடாமல் பாடுபட்டதால்தான் இன்று நாம் பார்க்கவாவது இருக்கின்றன. இத்தாலியிலேயே தெருவில் இன்னொரு பெர்கமாஸ்கோவைப் பார்ப்பது அபூர்வம்.

இதற்கு மூன்று வகை முடி. தோலை ஒட்டி எண்ணெய்ப் பசையுள்ள மெல்லிய அடிமுடி. முதுகின் முன்பாதியில் நேராக, சொரசொரவென்று விழும் ஆட்டுமுடி. பின்பாதியிலும் கால்களிலும் கம்பளி முடி. இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் சடை உருவாகிறது. தானாக விட்டால் தனித்தனிச் சடையாக விழாமல் உடம்பைச் சுற்றி ஒரே கம்பளமாக இறுகிவிடும். அடியில் காற்றுப் போகாது, ஈரம் தங்கும், தோல் புண்ணாகும். அதனால் ஒரு வயதை ஒட்டி, ஒரே ஒரு தடவை, கையால் பிரித்துவிட வேண்டும்.

ஒரு செல்லப்பிராணி சலூனில் விசாரித்தேன். மொட்டையடித்துவிடலாம், அதுதான் சுலபம் என்றார்கள். சட்டென்று வெளியே வந்துவிட்டேன். மழிக்கப்பட்ட சடை பழைய நீளத்துக்கு வர வருடக்கணக்கில் ஆகும். பனிக்கும் வெயிலுக்கும் அந்த நாய்க்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அதுதான்.

கடைசியில் எங்களுக்குக் குட்டி கொடுத்த வளர்ப்பாளர் அம்மாவே வந்தார். செரியானா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சீப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கச் சொன்னார். நூவொலாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்தொடையில் ஆரம்பித்தார். கம்பளத்தில் விரலை விட்டுத் துழாவினால், முடி தானே பிரிய நினைக்கிற கோடு ஒன்று தட்டுப்படும். அதன் இரண்டு பக்கமும் பிடித்து, நுனியிலிருந்து தோலை நோக்கி மெதுவாகக் கிழித்துக்கொண்டே வர வேண்டும். தோலை நெருங்கும்போது ஒரு கை அடிமுடியை இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்போதுதான் நாய்க்கு வலிக்காது. “தோல் தெரிகிற வரை பிரியுங்கள். பாதியில் விட்டால் ராத்திரிக்குள் மூடிக்கொள்ளும்” என்றார்.

ஒவ்வொரு சடையும் ஏறக்குறைய நான்கிலிருந்து ஏழு சென்டிமீட்டர் அகலம் இருக்கலாம். ரொம்ப மெல்லியதாகப் பிரித்தால் கனம் தாங்காமல் பின்னாளில் அறுந்துவிடும். தடிமனாக விட்டால் அடியில் ஈரம் காயாது. மிகவும் இறுகிய இடத்தில் மட்டும், தோலுக்கு எட்டாத தூரத்தில், கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு. மிச்சமெல்லாம் விரல்தான். அக்குள், வயிறு, தொடையிடுக்கு ஆகிய இடங்கள்தான் கஷ்டம். அங்கே தோல் மெல்லியது, அவளும் நெளிவாள். விட்டுவிட்டு மறுநாள் தொடர்வோம்.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு நானும் மனைவியும் மாலை நேரங்களில் உட்கார்ந்து மீதியை முடித்தோம். விரல் கணுக்கள் வீங்கிவிட்டன, கையெல்லாம் ஆட்டுக் கம்பளி வாடை. நூவொலா பெரும்பாலும் தூங்கினாள். பொறுமை இந்த இனத்தின் ரத்தத்திலேயே இருக்கிறது. சொன்னதைச் செய்யும் நாய் இல்லை இது. மலையில் இடையன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தானே முடிவெடுத்துப் பழகியது. அதட்டினால் எழுந்து போய்விடும், கேட்டால் இருக்கும்.

எங்களுக்கு ஒரு கெடுவும் இருந்தது. மே மாதம் வந்துவிட்டால் இங்கே வயலோரமெல்லாம் ஃபொராசாக்கோ என்கிற ஊசிப்புல் காய்ந்து உதிரும். அதன் முள் பின்னோக்கிக் கொக்கி போட்டது. காதிலோ விரலிடுக்கிலோ ஏறினால் உள்ளேதான் போகும், வெளியே வராது. சிக்கு முடிக்குள் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிக்கவே முடியாது. ஏப்ரலுக்குள் பிரித்து முடித்தது பெரிய நிம்மதி. இப்போதும் கோடையில் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காது, பாதம் இரண்டையும் விரலால் தடவிப் பார்க்காமல் வீட்டுக்குள் விடுவதில்லை.

பிரித்த பிறகு சில மாதங்கள் வாரம் ஒருமுறை அடியைச் சோதிக்க வேண்டியிருந்தது, புதிதாக முளைக்கும் முடி பக்கத்துச் சடையோடு சேர்ந்துகொள்ளும். அதற்கப்புறம் வேலை குறைந்துவிட்டது. சீப்பே தேவையில்லை. குளியல் வருடத்துக்கு இரண்டு முறை போதும், அதுவும் நல்ல வெயிலும் காற்றும் உள்ள நாளில். தேய்க்கக் கூடாது, சடை சடையாகப் பிழிய வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை வாடை வரும் என்பதால் மின்விசிறிக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைப்போம். உண்ணி மருந்து விடும்போதும் சடைகளை விலக்கித் தோலில் விட வேண்டும், முடிமேல் விட்டால் வீண். கண்ணை மறைக்கும் நெற்றி முடியையும் வெட்டுவதில்லை. பனியின் கூச்சத்திலிருந்து அதுதான் கண்ணைக் காக்கிறது.

சென்னையிலிருந்து நண்பர்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் குட்டி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்கிறேன். அந்தப் புழுக்கத்தில் இந்தச் சடை காயவே காயாது.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் வாங்குவதானால், விலை பேசுவதற்கு முன்னால் வளர்ப்பாளரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சடை பிரிக்கும் வயது வரும்போது முதல் நாள் நீங்கள் கூட இருப்பீர்களா? இருக்கிறேன் என்று சொல்பவரிடம் வாங்குங்கள்.